என்சைம் செத்துவிட்டது என்று எழுதியவள்

ஆராய்ச்சிக்கூட வாசலில் அவள் குடையை விரித்த வேகத்தில், அதன் நுனி எதிரே வந்தவனின் நெற்றியைப் பதம் பார்த்துவிட்டது. அவன் நெற்றியைப் பிடித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த தெர்மோகோல் பெட்டியைத்தான் மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ஏங்க, பார்த்து வரக்கூடாதா?" குத்தியதும் அவள்தான், அதட்டியதும் அவள்தான்!

"பார்த்துதாங்க வந்தேன். நீங்கதான் போருக்குக் கிளம்பின மாதிரி..."

மழை அவன் இமைகளில் நின்று நின்று சொட்டியது. அந்தக் கண்களில் கோபமே இல்லை... சிரிப்புதான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். எட்டு வருஷ வேலையில் ஒரு பிசகு கிடையாது. அவன் பெட்டிக்குள் இருந்ததோ, புகையும் உலர்பனிக்கு நடுவே விரல்நுனி அளவுக் குப்பி. மனித உடம்பில் இயல்பாகவே இருக்கும் ஓர் என்சைம். மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ இழையைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு வகை எழுத்தை மட்டும் மாற்றிவிடும். அதற்கான மரபணுவைப் பூச்சிச் செல்களுக்குள் வைத்து, என்சைமை வளர்த்து, வடித்து, சுத்தம் செய்தவன் அவனேதான். கூரியர் வண்டி மழையில் மாட்டிக்கொள்ள, பனி தீருமுன் தானே தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தான்.

இது தெரியாத அவள், "எங்க கையெழுத்து போடணும், பெட்டிக்காரரே?" என்றாள். அவனும் திருத்தவில்லை, பாவம்.

இரண்டு நாளில் மூன்று முறை சோதித்தாள். ஓர் எழுத்தும் மாறவில்லை. 'என்சைம் செத்துவிட்டது. தயாரித்தவருக்குக் கவனம் போதாது' என்று அவன் நிறுவனத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

மறுநாளே அவள் மேசை முன் வந்து நின்றான், நெற்றியில் பிளாஸ்திரியோடு.

"அந்தக் கவனம் போதாத ஆள் நான்தாங்க."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"எங்க சோதனைல நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வாங்கினவங்க செத்துப்போச்சுன்னா, செத்ததுதான். வெள்ளிக்கிழமை மதியம் தயாரிச்ச மொத்தத்தையும் கொட்டிடுவாங்க. மூணு மாச உழைப்புங்க... நீங்க செய்யறத ஒரு தடவை பார்த்துக்கலாமா?"

செய்து காட்டினாள். ஆர்.என்.ஏ இருந்த குழாயைச் சூடாக்கி, எடுத்த கையோடு ஐஸில் செருகினாள்.

"அங்கதாங்க..."

"அங்க என்ன?"

"இந்த என்சைம், ஆர்.என்.ஏ ரெண்டு இழையும் சேர்ந்திருந்தாதான் கை வைக்கும். சூட்டுல பிரிஞ்சது மெதுவா ஆறினாத்தான் ஜோடி சேரும். நீங்க சேர விடாம விரட்டுறீங்களே!"

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். போதாதா?

"எட்டு வருஷமா இப்படித்தான் செய்யறேன். எனக்குப் பாடம் எடுக்க வராதீங்க!"

அவன் முகம் வாடிப்போனது. "வரேங்க" என்று போய்விட்டான். அவன் சொன்னதை அவள் கேட்காத குற்றத்துக்கு மழை வேறு ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது.

அன்று இரவு வீட்டில் அண்ணி அவள் தட்டையே பார்த்தாள். "பிசைஞ்சுக்கிட்டே இருக்க... வாய்க்குப் போகலையே. யாரு அவரு?"

"யாருமில்ல அண்ணி... ஒரு பெட்டிக்காரர்."

"பெட்டிய வச்சுட்டு உன்ன தூக்கிட்டுப் போயிட்டாராக்கும்!"

"அண்ணீ!"

வியாழக்கிழமை, யாருக்கும் சொல்லாமல், குழாயைப் பொறுமையாக ஆறவிட்டாள். வெள்ளி காலையில் கணினித் திரையில் பார்த்தால்... வரிசையாக எழுத்துகள் மாறியிருந்தன! இத்தனை காலம் அவள் செய்ததெல்லாம் ஒற்றை இழை வேலை. அதற்கு ஐஸ்தான் சரி. கைப்பழக்கம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

முதலில் சந்தோஷம். அடுத்த நிமிஷமே தயக்கம். 'தப்பு என்னுடையது' என்று எழுதினால் கறார் என்ற பெயர் என்னாவது? எழுதாவிட்டால் அவன்...? மணி பதினொன்று. எழுதினாள். கையெழுத்திட்டாள். கொட்டும் மழையில் ஓடினாள்.

அவன் நிறுவனத்தின் குளிர் அறை வாசலில், தட்டு தட்டாகக் குப்பிகள் வெளியே வந்திருந்தன. மேலாளர் பட்டியலைச் சரிபார்க்க, அவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க சார்! என்சைம் நல்லா உயிரோட இருக்கு. தப்பு பண்ணது நான். இவர் சொல்லியும் கேக்காதது அதைவிடப் பெரிய தப்பு."

வேலை செய்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! மேலாளர் அவள் தந்த தாளை இரண்டு முறை படித்தார். "எல்லாத்தையும் உள்ள வைங்கப்பா" என்று சொல்லி நகர்ந்தார்.

அவன் மெல்ல அருகே வந்தான். "இதுக்கு ஏங்க இப்படி நனைஞ்சு வந்தீங்க? ஒரு மெயில் போட்டா போதுமே."

"போதும்தான்..." அவள் நிமிர்ந்து அவன் கண்களையே பார்த்தாள். "மெயில்ல உங்க முகம் தெரியாதே."

சொல்லிவிட்டாள்! அவன் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டான்.

"இதையும்... நாளைக்கு வாபஸ் வாங்கிடுவீங்களா?"

"மாட்டேன். எனக்கு உங்கள புடிச்சிருக்கு. இதுல சந்தேகமே இல்ல."

"எனக்கும்தாங்க" என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

"என்னது? கொஞ்சம் சத்தமா..."

கறார் கறார்தானே! சத்தமாகவே சொன்னான்.