மிச்சம் இருந்த தாங்கல்

தர்மன் கழனியிலிருந்து வந்து வெகு நேரமாகியும் அவன் கால் காயவில்லை.

தேவகி டீ கொடுக்கும்போதுதான் கவனித்தாள். வெயில் விழுந்து சுட்டுக்கொண்டிருந்த சிமென்ட் தரையில் புருஷன் மிதித்த இடமெல்லாம் ஈரம் அப்படியே நின்றது. துடைத்தால் மறுபடி ஊறியது. அழுகிய கோரையும் மீன் செதிலும் கலந்த வாடை, தென்னேரிப் பக்கம் கழனி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த தாங்கல் வாடை, அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சுற்றியிருந்த நீர்நிலையையெல்லாம் தூர்த்துக் கழனியாக்கி இரண்டு தலைமுறை ஆகிறது. நடுவில் அந்தச் சின்ன ஏரி, தாங்கல், மட்டும் மிச்சம். பறவைகளுக்கென்று சர்க்கார் வேலி போட்டுப் பலகை நட்டிருந்தது. தர்மன் இன்று அந்த வேலியைச் சாய்த்துவிட்டு, தண்ணீரை வடிக்கக் கால்வாய் வெட்டிவிட்டு வந்திருந்தான். நிலம் வேண்டும், அவ்வளவுதான்.

"கெளம்பும்போது கோரைக்குள்ளேர்ந்து யாரோ 'கெளம்பிட்டியாப்பா'ன்னு கேட்டாங்க" என்றான். "பக்கத்துக் கழனி ராஜவேலுன்னு நெனச்சிக்கினு 'வரேம்பா'ன்னுட்டேன்."

தேவகி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். வேறெங்கும் கிளம்பும்போது 'போறேன்' என்றால்தான் அபசகுனம். அந்தக் கரையில் மட்டும் யாரும் 'வரேன்' சொல்வதில்லை. பேசாமல் திரும்பி நடப்பார்கள். அங்கே அது வாக்கு.

"ராஜவேலு அண்ணன் காலைலியே சின்ன காஞ்சிபுரம் போயிட்டாரே, தறிக்குப் பாவு வாங்க."

"தெரியும். இப்பதான் போன் பண்ணேன்." சிரிக்கப் பார்த்தான். "இன்னாத்துக்கு மூஞ்ச இப்படி வெச்சிக்கினு இருக்கற? செத்தா பூட்டேன்?"

பொழுது சாயும்போது கூப்பிட ஆரம்பித்தது.

"தர்மா. வரேன்னியேப்பா."

ராஜவேலுவின் குரல்தான். ஆனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். தர்மன் கட்டிலிலிருந்து எழுந்தான். கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை. தேவகி அவனைத் தள்ளி உட்கார வைத்தாள். ஊறின மூட்டை மாதிரி கனத்தான். அவளுக்கென்று இருப்பவன் இவன் ஒருத்தன். விட முடியாது. கதவை வெளியே பூட்டிக்கொண்டு தாங்கலுக்கு நடந்தாள்.

தவளை இல்லை. பூச்சி இல்லை. காற்றே இல்லாமல் கோரை அசைந்தது. மதியம் வெட்டிய கால்வாய் தூர்ந்து, அதன்மேல் கோரை ஆளுயரம் வளர்ந்திருந்தது.

"அவரு வர மாட்டாரு!" என்று கத்தினாள். "வாய் தவறிச் சொல்லிட்டாரு. பொண்டாட்டி நான் சொல்றேன். வர மாட்டாரு!"

அசைவு நின்றது. பிறகு பல குரல்கள். கிழக் குரல், குழந்தைக் குரல். கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போல, அத்தனை மரியாதையாக:

"சரிம்மா. அப்ப நாங்க வரோம்."

விடைபெறுகிறார்கள். விட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். கை தானாகக் கும்பிட்டது. வாய் தானாகச் சொன்னது.

"வாங்க."

பாதி வரப்பில்தான் தான் சொன்னது உறைத்தது. ஓடினாள்.

பூட்டு பூட்டியபடி. கதவிடுக்கில் ஒரு சொட்டு ஈரமில்லை. திறந்தாள்.

முழங்காலளவு கருப்புத் தண்ணீர். வாசற்படியில் வழியாமல் வெட்டி வைத்தாற்போல் நின்றது. நடுவில் தர்மன். ஒற்றைக் காலில். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கொக்கு மாதிரி, தண்ணீரையே உற்றுப் பார்த்தபடி. அவனைச் சுற்றி, சுவரோரம், அடுப்படி வரைக்கும், நெருக்கியடித்து அவர்கள். எல்லாரும் ஒற்றைக் காலில்.

வாசல் பக்கம் நின்ற ஒருத்தி லேசாக நகர்ந்து, தேவகிக்கு இடம் விட்டாள்.