வரேன் என்று போனவர்கள்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும் என் பல்செட்டு நடுப்பந்தியில் சாம்பாருக்குள் விழட்டும்.

உடைமரத்தூர் வட்டத்துப் பேருந்து நிலையத் தூணில் வாக்குமானி தொங்கியது. மாநிலம் முழுக்க வாக்காளர்களை எண்ணுவது இத்தகைய மானிகள்தான். சட்டம் எளிது: ஊருக்குத் திரும்பி வரும் எண்ணம் உள்ளவரே வாக்காளர். பேருந்து ஏறுகிறவர் சொல்வதை மானி கேட்கும். "போறேன்" என்றால் பெயரை நீக்கும். "போயிட்டு வரேன்" என்றால் சேர்க்கும். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையைத் தவிர, தமிழன் எவனும் "போறேன்" என்று சொல்லிப் புறப்படமாட்டான் என்பதை, மானியைச் செய்த வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஊரில் முந்நூறு பேர். மானியில் தொண்ணூறாயிரம் வாக்காளர்கள். துபாய் போனவர் உண்டு. அதே தூணடியில் ஆம்புலன்சில் ஏறும்போது சொல்லிவிட்டு ஒரேயடியாகப் போனவரும் உண்டு.

மானிக் கணக்கைச் சரிபார்க்கத் தலைநகரிலிருந்து ஆய்வாளர் இன்பசேகரன் வந்தார். வாக்காளர் குறைந்தால் வட்டத்தைக் கலைப்பார்கள். ஆஸ்பத்திரியும் அதோடு போகும். டீக்கடை வெள்ளத்தாயின் மருமகளுக்கு அது ஒன்பதாம் மாதம்.

"ஆளே இல்லாத ஊர்ல தொண்ணூறாயிரம் ஓட்டா? யாரும்மா இவங்கெல்லாம்?"

"எல்லாம் நம்ம சனந்தான் சார். வரேன்னுட்டுத்தான் போயிருக்காக."

"செத்தவங்களுமா?"

"எங்க மாமனாரு சொன்ன சொல்லு தவறமாட்டாரு சார். கொஞ்சம் லேட்டாகும்."

இன்பசேகரன் சிரிக்கவில்லை. மானி பொய், வட்டத்தைக் கலைக்கலாம் என்று கைக்கருவியில் எழுதிக்கொண்டார். தலைநகர் போய் ஒப்புதல் வாங்கினால் முடிந்தது.

வெள்ளத்தாய் வாதாடவில்லை. இஞ்சி தட்டிப்போட்டு இன்னொரு டீ கொடுத்தாள்; சுடச்சுட ஆமவடையும். பேருந்து ஹாரன் அடித்தது. வாயில் வடையோடு எழுந்தவர், பழக்கதோஷம், சொல்லிவிட்டார்:

"மருமகளுக்கு நல்லபடியாப் பிரசவமாகட்டும். போயிட்டு வரேம்மா."

தூணில் மணி அடித்தது. "வருக, உடைமரத்தூர் வாக்காளரே!"

தன் வட்டத்தைத் தானே ஆய்வு செய்ய எந்த வாக்காளருக்கும் உரிமை இல்லை. அறிக்கை கைக்கருவியிலேயே அழிந்தது.

"ஐயையோ, நான் சும்மா சொன்னேம்மா!"

"எல்லாரும் சும்மாதான் சார் சொல்றாக. அதுக்காக நாங்க எதிர்பாக்காம இருக்க முடியுமா?"

பேத்தி அந்த ஆஸ்பத்திரியிலேயே பிறந்தாள். தேர்தலும் வந்தது. வெள்ளத்தாய் புதுச்சேலை கட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போனாள். அப்படி ஒருவரைத் தெரியாது என்றது மானி. பிறந்ததிலிருந்து அவள் ஊரைவிட்டு எங்கேயும் போனதே இல்லை. பிறகு எப்படித் திரும்பி வருவாள்?

"போயிட்டு வரேன்" என்று ஒருமுறை சொல்லிவிடுவதற்காக அவள் பேருந்துக்குக் காத்து நின்றாள்.

உடைமரத்தூருக்கு இன்றுவரை ஒரு பேருந்துகூட விட்டதில்லை. என் பல்செட்டைச் சாம்பாரில்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.