கூரை ஏறிய பல்

வளவனின் பால்பல் விழுந்ததுதான் தாமதம், அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் வீசிவிட்டான். அப்படி வீசினால்தானே புதுப் பல் நன்றாக முளைக்கும்?

பள்ளி விட்டு வந்த அக்கா செம்மொழி தலையில் கை வைத்தாள். "அடப்பாவி, அதை டாக்டரம்மாவுக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்டா."

வளவனுக்குப் பிறவியிலேயே பல்லின் மேல்பூச்சு வலுவில்லை. பற்கள் மஞ்சளாக இருக்கும், பொடிப்பொடியாக உதிரும். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பான். தஞ்சாவூர் பல் டாக்டர் தஹ்மீனா அவன் கடைவாய்ப் பற்களுக்கு உறை போட்டார். அன்றிலிருந்து பயல் முறுக்கைக்கூட விட்டுவைப்பதில்லை.

அந்த நன்றிக்கு அப்பா ஒரு சிப்பம் அரிசி கொண்டுபோனார். டாக்டர் வாங்கவில்லை.

"அரிசி வேணாங்க. அடுத்து விழுற பல்லைக் குடுங்க, போதும்," என்றவர் அப்பாவோடு வந்திருந்த செம்மொழியிடம் திரும்பினார். "உடம்பு எப்படி வளரணும்னு சொல்ற குறிப்பு நமக்குள்ளயே இருக்கும்மா. அதுதான் ஜீன். தம்பிக்கு அதுல ஓரிடத்துல தப்பு. அந்த இடத்தை மட்டும் திருத்த முடியுமான்னு ஆராய்ச்சி பண்றோம். நாளாகும். இந்த மாதிரிப் பல்லு கிடைச்சா பெரிய உதவி."

"கண்டிப்பா தர்றோம் டாக்டர்," என்றாள் செம்மொழி. அந்த வாக்குதான் இப்போது கூரைமேல் கிடந்தது.

கீழேயிருந்து பார்த்தால் கூரை ஓடுகளும் பூசணிக்கொடியும்தான் தெரிந்தன. செம்மொழி யோசித்தாள்.

"தம்பி, இன்னொரு உருண்டை பிடி. அதே இடத்துல நின்னு அதே மாதிரி வீசு."

உருண்டை ஓட்டில் உருண்டு கொடிக்குள் புகுந்தது. அப்பா ஏணி வைத்து ஏறினார். அங்கே இரண்டு உருண்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்றுக்குள் பல் பத்திரமாக இருந்தது.

பல்லைக் கழுவியதும் வளவன் அழ ஆரம்பித்தான். "கூரையில இல்லன்னா புதுப் பல்லு எப்படிக்கா முளைக்கும்?"

"டாக்டரம்மா அதை மாடியிலதான்டா வைப்பாங்க. நம்ம கூரையைவிட அது ஒசரம்."

வளவன் லேசில் நம்புகிற ஆளா? மறுநாள் டாக்டர் முன்னால் பல்லைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கேட்டான். "எத்தனையாவது மாடியில வைப்பீங்க?"

டாக்டர் விழித்தார். செம்மொழி அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணாவது மாடிப்பா. அதுலயும் மேல் தட்டுல வைக்கிறேன்," என்றார் டாக்டர், சிரிக்காமல்.

வளவன் கையைத் திறந்தான்.

"ரொம்ப நன்றிப்பா. உன்னை மாதிரிப் பிள்ளைங்களுக்கு நாளைக்கு இது உதவும்."

"உங்களுக்கும் நன்றி டாக்டர். முறுக்குக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். செம்மொழிக்கு மனம் நிறைந்துபோனது. வளவனும் சிரித்தான். கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்தே போனான்.