பரங்கி வீணையின் மந்தரத் தந்தி

மாசி மாதத்து வெண்ணாறு பாதி மணலும் பாதி நீருமாகப் பிரிந்து கிடந்தது. மேற்கே சூரியன் மறைந்தும் மறையாத அந்த வேளையில் கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல் முழுநிலவு எழும்பிவிட்டதால், ஆறு மணலுக்கு ஒன்றும் நீருக்கு ஒன்றுமாக இரண்டு ஆடைகளை உடுத்திக்கொண்டதுபோல் தோன்றியது. கரையில் நெய்தலூர் மன்னர் பெத்தண்ண நாயக்கரின் கூடாரங்களில் தீவட்டிகள் ஏற்றப்பட்டன.

வாசகரே, இந்த நிலவுக்காக இருவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்தனர். ஒருவன் அது வரவேண்டுமென்று. ஒருத்தி அது வரக்கூடாதென்று.

ஒருத்தி, மன்னரின் மகள் செங்கமலவல்லி. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த புன்னைவாயில் இளவரசன் கோதண்டராயன் சென்ற கப்பல் கடலில் மூழ்கியது. "மூன்று ஆண்டுகள் காத்திருப்பேன், அதன் பிறகு தங்கள் விருப்பம்" என்று அவள் தந்தையிடம் சொல்லியிருந்தாள். ஒருவன், இளவரசனின் பெயரால் புன்னைவாயிலை ஆண்டுகொண்டிருந்த தளபதி சிங்கப்பன். அந்தக் கெடு முடியும் இன்றிரவு தாம்பூலம் மாறிவிட்டால் அவளும் அந்த நாடும் அவனுக்கே.

கொலுக் கூடாரத்தின் நடுவே பட்டுத்திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் தாம்பூலத் தட்டின் முன் செங்கமலவல்லி அமர்ந்திருந்தாள்.

"அம்மணி, முகத்தைக் கொஞ்சம் மலர்த்துங்கள். வெற்றிலை வாடிவிடப் போகிறது" என்றாள் தோழி பொம்மி.

"வாடட்டும்."

"துறைமுகத்திலிருந்து ஒரு பரங்கிப் பாடகன் வந்திருக்கிறானாம். தாடியைப் பார்த்தால் தேன்கூடு தொங்குவதுபோல் இருக்கிறது!"

செங்கமலவல்லி சிரிக்கவில்லை. திரைக்கு அப்பால் கொலுவில் பேச்சு அடங்கியது.

பாடகன் மடியில் வைத்திருந்ததை அரண்மனையார் பரங்கி வீணை என்பார்கள். நாம் கித்தார் என்போம். ஆனால் இன்றைய கித்தார் அல்ல. ஒடுங்கிய இடையும், தோலில் பூப்போல் வெட்டி ஒட்டிய வாயும், கழுத்தைச் சுற்றி நரம்பாலேயே கட்டிய மெட்டுகளும் கொண்டது. தந்திகளும் ஆட்டுக்குடல் நரம்புதான், ஐந்து ஜோடி. அவன் ஐந்தையும் ஒருசேர வருடினான். மழை ஓலைக்கூரையில் இறங்குவதுபோல் ஓசை எழுந்தது. பிறகு மேல் ஜோடியை மட்டும் மீட்டினான்.

ஆழ்ந்த, கனத்த மந்தர ஒலி.

செங்கமலவல்லியின் கை வெற்றிலைமேல் நின்றுவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பரங்கி வணிகன் அரண்மனைக்கு இப்படியொரு வாத்தியம் கொடுத்திருந்தான். நரம்புகள் அறுந்தபோது அவளும் கோதண்டராயனும் புதியவை கட்டினார்கள். மேல் இரண்டு ஜோடிகளுக்கும் மெல்லிய நரம்பு கட்டுவதே அந்த வணிகனின் நாட்டு வழக்கம். அந்த ஜோடிகளிலும் உயர்ந்த ஸ்வரமே ஒலிக்கும். வீணை பயின்ற இவர்களோ, மந்தரம் இல்லாமல் வாத்தியமா என்று தடித்த நரம்பைக் கட்டிவிட்டார்கள். வணிகன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "எங்களுக்கு இப்படித்தான்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பாடகன் அதே ஜோடியை மீண்டும் மீட்டினான். அந்த ஒலியில், நினைவிருக்கிறதா என்றொரு கேள்வி இருந்தது. அவள் மட்டுமே அதைக் கேட்டாள்.

அந்த ஒலியைக் கலைத்தது சிங்கப்பனின் பரங்கிப் பீரங்கிக்காரன் மனுவேலின் வெடிச்சிரிப்பு.

"அட, என்னய்யா இது! மேல போயி கயித்தக் கட்டி வெச்சிருக்கான்! எங்க ஊர்ல எவனும் இப்பிடிக் கட்ட மாட்டான். இவன் எங்காளு இல்ல சாமி!"

சிங்கப்பன் வாளை உருவி எழுந்தான். "ஒற்றன்! மன்னர் பெருமானே, இவன் தலையை இப்போதே எடுக்க அனுமதி தாருங்கள்."

"பொறுங்கள்" என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல். "பாடகருக்கு இன்னும் பரிசு தரவில்லையே."

திரை சற்றே விலகியது. வளையணிந்த கரம் ஒன்று நீண்டது. அதில் நிச்சயத் தட்டின் முதல் வெற்றிலைச் சுருள்.

நெய்தலூர் அரசமகள் தன் கையால் தாம்பூலம் கொடுத்தவர்மீது அந்நாட்டில் எவரும் ஆயுதம் ஏந்தலாகாது என்பது தலைமுறைகளாக வந்த வழக்கம். பாடகன் இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டான்.

"வாளை உறையில் இடுங்கள், தளபதியாரே" என்றார் மன்னர். "அம்மா, அது உன் நிச்சயத் தாம்பூலம். தெரிந்துதான் கொடுத்தாயா?"

"தெரிந்துதான் கொடுத்தேன், அப்பா. வாங்கியவருக்கும் தெரியும்."

பாடகன் தொப்பியைக் கழற்றினான். ஒட்டுத்தாடியைப் பிய்க்கையில், "அப்பப்பா!" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டான். தீவட்டி வெளிச்சத்தில் அந்த முகத்தைக் கண்ட புன்னைவாயில் வீரர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். சிங்கப்பன் தன் பின்னால் திரும்பிப் பார்த்தான். மனுவேலைத் தவிர நிற்பவர் எவருமில்லை. அவன் வாள் தானாகவே தாழ்ந்தது.

"கோதண்டராயா!" மன்னர் ஆசனத்திலிருந்து எழுந்துவிட்டார். "வாசலில் பெயரைச் சொல்லியிருக்கலாமே!"

"கடலில் தப்பிக் கரைசேர்ந்தேன், ஆனால் வாசலில் தளபதியாரின் காவல், மாமா. சொல்லியிருந்தால் என் பெயர் மட்டும்தான் உள்ளே வந்திருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அதோடு, மூன்று ஆண்டுகள் நீண்ட காலம். தங்கள் மகளுக்கு இந்தத் தந்தி மறந்திருந்தால், பாடிவிட்டுப் பரங்கியாகவே திரும்பிப் போவதாக இருந்தேன்."

"போயிருப்பீர்கள்! அந்தத் தாடியோடு!" என்றாள் திரைக்குள்ளிருந்து பொம்மி. கொலு முழுவதும் சிரித்தது. சிரிப்பு ஆற்றைத் தாண்டிப் போயிற்று.

கோதண்டராயன் மந்தரத் தந்திமேல் கை வைத்தான். "இதன்மேல் ஆணை, செங்கமலவல்லி. இனிக் கடலேறினால் உன்னோடுதான் ஏறுவேன்."

"எனக்குப் படகில் ஏறினாலே தலை சுற்றும்."

"அப்படியானால் இனிக் கடலே ஏறமாட்டேன். ஆணை, ஆணைதான்!"

திரையினூடே அவள் விரல் ஒன்று மட்டும் நீண்டு, மேல் ஜோடியை ஒருமுறை மீட்டியது.

"தப்பாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தான் மனுவேல். "ஆனா நல்லாத்தான் இருக்கு."