வெள்ளைப் பூக்களுக்குள் நின்றவன்

டெல்மரின் டிரக் இரும்புக் கேட்டின் முன் நின்றபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. விளக்கை அணைத்தான். கண்ணாடிக்கு அப்பால் ஓசார்க் மலைக்காடு ஒரே கருப்பாக இருந்தது. ஏப்ரல் மாதக் குளிர். ஈரச் சருகின் வாசனை வண்டிக்குள் வந்தது.

"காப்பி குடி, ஆர்லீன். கையாவது சூடாகும்."

"நீ போட்ட காப்பியா? எஞ்சின்ல ஊத்து, வண்டி நல்லா ஓடும்."

டெல்மர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அது அவனுடைய அண்ணன் வெண்டல் வருடம் தவறாமல் சொல்லும் கேலி.

வெண்டல் ஆர்லீனின் கணவன். போன ஏப்ரலில் இந்த மேட்டில்தான் செத்தான். சுட்டது ஆர்லீன்.

அன்றைக்கு இருவரும் ஒரு கிழட்டு வான்கோழிச் சேவலைத் தேடி வந்திருந்தார்கள். மூன்று வசந்தமாக வெண்டலை ஏய்த்த சேவல் அது. கொக்கரிக்கும், கிட்டே வரும், குண்டு எட்டாத தூரத்தில் நின்றுகொள்ளும். யாரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. ஆர்லீன் பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வெண்டல் அவளுக்குப் பின்னால் இருந்து, கைக்குள் அடங்கும் மரப்பெட்டியின் மூடியை உரசிப் பெட்டைக் குரலில் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சேவல் வரவில்லை. வேறு பக்கமிருந்து கூப்பிடலாம் என்று எழுந்து சுற்றிப் போயிருக்கிறான். அவளுக்குத் தெரியாது.

முன்னால் சருகு மிதிபட்டது. சருகில் வான்கோழி நடப்பதும் மனிதன் நடப்பதும் ஒரே மாதிரிதான் கேட்கும். வெள்ளையாகப் பூத்திருந்த டாக்வுட் மரங்களுக்குள் சிவப்பாக ஏதோ அசைந்தது. சேவலின் தலை என்று நினைத்தாள். வெண்டல் மூக்கைத் துடைக்க எடுத்த கைக்குட்டை அது.

இந்த மலையில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் போனால், நின்று, பெயர் சொல்லிப் பேச வேண்டும். உட்கார்ந்திருப்பவர் 'வா' என்று சொன்ன பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம்.

"அவர் பேசினாரா?" என்று அன்றைக்கு விசாரிக்க வந்த வனக்காவலர் கேட்டார்.

"இல்ல" என்றாள்.

அந்த ஒரு சொல் அவளை ஒரு வருடமாகத் தூங்கவிடவில்லை. அவள் சுட்ட நொடிக்கு முன்னால் சேவல் கொக்கரித்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவன் குரல் இருந்ததா?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள்.

"ஓடையத் தாண்டிச் சுத்தி அந்த டாக்வுட் கிட்டப் போய் நில்லு," என்றாள் டெல்மரிடம். "சாதாரணமாப் பேசு. எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்."

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? அவன் வரப்போறானா?"

"எனக்குத் தெரியணும், டெல்மர்."

அவன் அவள் துப்பாக்கியைப் பார்த்தான். அவள் திறந்து காட்டினாள். காலி. தோட்டாக்கள் சட்டைப்பையில் இருந்தன.

"சேவலே வந்து மடியில உக்காந்தாலும் சுடமாட்ட போல," என்று முணுமுணுத்துவிட்டு நடந்தான்.

அதே ஓக் மரத்தடியில் உட்கார்ந்தாள். எங்கோ இருட்டில் ஒரு பக்கிப் பறவை கத்திக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கிழக்கு சாம்பல் நிறமாயிற்று. எதிரே டாக்வுட் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. காட்டில் வெளிச்சமாக இருந்தது அவை மட்டும்தான்.

சேவல் கொக்கரித்தது.

அதே சேவல். அந்தக் குரலின் முடிவில் வரும் கரகரப்பு அவளுக்குத் தெரியும்.

பிறகு சருகில் காலடி.

நிதானமாக வந்தது. பூக்களுக்குப் பின்னால் நின்றது.

"ஆர்லீன், நான்தான். சுடாத."

தாழ்ந்த குரல். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. கேட்கிறது. இவ்வளவு நன்றாகக் கேட்கிறது. அப்படியானால் வெண்டல் பேசவில்லை. பேசியிருந்தால் கேட்டிருக்கும். ஒரு வருடத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

"கேட்டுச்சு டெல்மர்! வா!"

அவள் வாய் திறந்ததும் சேவல் கொக்கரித்து அந்தச் சொற்களை மூடியது.

"ஆர்லீன், டெல்மர் வர்றேன். உனக்குப் பின்னால."

திரும்பினாள். டெல்மர் மேட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான்.

"ஓடையில தண்ணி இழுக்குது. தாண்ட முடியல. முன்னாடி யாரப் பாத்துக் கத்துற?"

அவள் மறுபடி பூக்கள் பக்கம் திரும்பினாள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

"ஆர்லீன், நான்தான். சுடாத."

டெல்மர் தொப்பியைக் கழற்றினான்.

குரல் அதே இடத்திலிருந்து வந்தது. ஒரு அடிகூட நகரவில்லை. அவள் 'வா' என்று சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு வெண்டல் பேசியிருக்கிறான்.

"வெண்டல்," என்று எழுந்து நின்று கத்தினாள். "கேட்டுச்சு. வா!"

சேவல் கொக்கரித்தது. வசந்தத்தில் இந்தச் சேவல்கள் இடி இடித்தாலும் கொக்கரிக்கும், கதவு அறைந்தாலும் கொக்கரிக்கும். அவள் மறுபடி கத்தினாள். மறுபடி கொக்கரித்தது. மெதுவாகச் சொன்னாள். அது அவனுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

"ஆர்லீன், நான்தான். சுடாத."

"அந்தச் சேவலச் சுடு," டெல்மர் அவள் காதோடு சொன்னான். "அது செத்தாத்தான் அவனுக்குக் கேக்கும்."

தோட்டாவைப் போட்டாள். துப்பாக்கியைத் தூக்கினாள். கொக்கரிப்பு வந்த திசைக்குக் குழலைத் திருப்பினாள். பூக்களுக்குள் ஒன்றும் தெரியவில்லை. குழல் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

சேவல் கத்திய இடத்திலிருந்துதான் குரலும் வந்தது.

கைகள் தாமாகவே இறங்கின. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். டெல்மரும் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் வந்து டாக்வுட் மரங்களுக்குள் இறங்கியது. அங்கே மனிதனும் இல்லை, பறவையும் இல்லை. சருகு கலையாமல் கிடந்தது.

வேட்டை நேரம் முடியும் பகல் ஒரு மணிவரை அவள் 'வா, வா' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் சேவல் அதை விழுங்கியது.

அவர்கள் எழுந்தபோது வெண்டலின் குரல் கம்மிப்போயிருந்தது, வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவனின் தொண்டை போல. அப்போதும் அது நிற்கவில்லை.