அப்பாவோட மட்டும் வா

திங்கட்கிழமை காலை ஆறு பத்து.

கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள் மல்லாந்து கிடந்தான்.

நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. பின்மண்டையில் ரத்தம் காய்ந்திருந்தது.

வலை எடுக்க வந்த மீனவர் சுப்பிரமணி போட்ட அலறலில் மாமல்லபுரத்து வடக்குக் குப்பமே கூடிவிட்டது.

இன்ஸ்பெக்டர் தெய்வநாயகி ஜீப்பிலிருந்து குதித்தாள்.

"நீ எதையாவது தொட்டியாய்யா?"

"அய்ய, நான் ஏம்மா தொட்றேன்? குடிச்சிட்டு வுழுந்துகிறான்னு நெனச்சேன். கிட்ட வந்து பாத்தா... மண்டையில ரத்தம்!"

ஏட்டு பன்னீர்செல்வம் பிணத்தின் அருகே குனிந்து முகர்ந்தார்.

"குடிக்கல மேடம். ஆனா கழுத்துப் பட்டன் அறுந்துகீது. எவனோ சட்டையப் புடிச்சிகிறான்."

"அந்தப் பை?"

பன்னீர்செல்வம் துணிப்பையைத் திறந்தார். அவித்த வேர்க்கடலை. பை நிறைய.

"ஒரு கடலைகூட எடுக்கல மேடம். கொலைகாரன் நல்ல குடும்பத்துப் புள்ள போல கீது."

"ஏட்டு..."

"சாரி மேடம்."

அப்போது...

'டிங்!'

செத்தவனின் சட்டைப் பையிலிருந்து சத்தம்!

சுப்பிரமணி இரண்டடி பின்னால் தாவினார்.

பன்னீர்செல்வம் கையுறை போட்டுக்கொண்டு போனை எடுத்தார். லாக் இல்லை. 'வூடு' என்ற பெயரில் வரிசையாக மிஸ்டு கால்கள். அவற்றுக்கு மேலே, இப்போதுதான் வந்த ஒரு மெயில்.

"படிய்யா."

"'ஸ்வாதி, நேத்து ஏன் வரல? நீ வரவே இல்லன்னு அப்பா சொன்னார். நான் கார்லயே உக்காந்திருந்தேன். என் மேல கோவமா? வைஷாலி.'"

"யாருய்யா ஸ்வாதி?"

"இந்த போன்ல கீற மெயில் ஐடி ஸ்வாதி பேர்ல கீது மேடம். ஒன்பதாம் வகுப்பாம்..."

பன்னீர்செல்வம் நிறுத்தினார். பிணத்தைப் பார்த்தார். தடித்த மீசை. நரைத்த கிருதா.

"இவனா ஒன்பதாம் வகுப்பு?"

யாரும் சிரிக்கவில்லை. ஏட்டு காறித் துப்பினார்.

"த்தூ! பொட்டப் புள்ள பேர்ல பேசிகினு இருந்துகிறான். பொறுக்கி!"

வைஷாலியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய மெயில் ஐடியைப் பள்ளியே கொடுத்திருந்தது. பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. பள்ளிக்குப் போட்ட ஒரே போனில் வீட்டு முகவரியும் கிடைத்தது. கெட்டவன் எவனாவது தேடியிருந்தாலும் இவ்வளவு சுலபமாகத்தான் கிடைத்திருப்பாள்.

கேளம்பாக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடி.

கதவைத் திறந்தவர் வைஷாலியின் அப்பா சதாசிவம். சவரம் செய்த முகம். கழுத்தில் ஆபீஸ் அட்டை.

காக்கியைப் பார்த்தும் அவர் பதறவில்லை.

"வாங்க மேடம். நானே ஸ்டேஷனுக்கு வரலாம்னு இருந்தேன்."

"எதுக்கு?"

"செத்துட்டானா?"

சமையலறையிலிருந்து அவருடைய மனைவி வசுமதி தோசைத் திருப்பியோடு ஓடிவந்தாள்.

"யாருங்க செத்தது? என்னங்க சொல்றீங்க?"

"நீ உக்காரு வசு. பயப்படாத. நான் தப்பு எதுவும் பண்ணல."

அவர் நிதானமாகச் சொன்னார். ஏற்கெனவே பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தவர் போல.

"நான் ஐடில நெட்வொர்க் செக்யூரிட்டி பாக்கறேன் மேடம். வைஷாலி ஸ்கூல்ல இன்டர்நெட், மெயில் ரூல்ஸ் எழுதிக் குடுத்ததே நான்தான். லேப் சுவத்துல பெருசா ஒட்டியிருக்காங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்ல மைக் பிடிச்சு சொன்னேன். நெட்ல ஒருத்தி எனக்குப் பதினாலு வயசுன்னு சொன்னா, நாப்பது வயசு ஆம்பளன்னு எடுத்துக்கங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"சரி..."

"நேத்து போய்ப் பாத்தா... நாப்பது வயசு ஆம்பள!"

வசுமதி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மெயில் ஃபிரெண்ட நேர்ல பாக்கணும்னா பெரியவங்களோட போகணும். அது என் ரூல். வைஷாலி மறக்காம என்கிட்ட வந்து கேட்டா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. கூட்டிட்டுப் போனேன். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கார நிறுத்தி, நீ உள்ளயே இருன்னு சொல்லிட்டுத் தனியா போனேன். சொன்ன எடத்துல இவன் நின்னான். ஸ்வாதி எங்கடான்னேன்."

"என்ன சொன்னான்?"

"மெயில் போட்டது நான்தான் சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்கன்னான்."

"கேட்டீங்களா?"

"எதுக்கு மேடம் கேக்கணும்?"

"பஸ் ஸ்டாண்டுல கூட்டமாச்சே. கடற்கரைக்கு யார் யாரைக் கூப்பிட்டது?"

"நான்தான் கூப்பிட்டேன். ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாடியே வந்தான். கல்லுகிட்ட போனதும் சட்டையப் புடிச்சேன். தள்ளினேன். விழுந்தான். நான் திரும்பிப் பாக்கல."

"உயிர் இருந்திருக்கலாம்."

"என் பொண்ணு கார்ல இருந்தா மேடம். அவளத்தான் நெனச்சேன்."

பன்னீர்செல்வம் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் ஒரு பொண்ணு கீது சார். நானா இருந்தா ரெண்டு தள்ளு தள்ளியிருப்பேன்."

"ஏட்டு! வெளியே போய் நில்லு."

தெய்வநாயகி சதாசிவத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவன் அனுப்பின மெயில் எல்லாம் படிச்சீங்களா?"

"வைஷாலி ரெண்டு மூணு படிச்சுக் காட்டினா."

"எல்லாத்தையும்?"

"நேரம் எங்க மேடம் இருக்கு?"

வைஷாலி ஏழரைக்கே ஸ்கூல் வேனில் போயிருந்தாள். அது அந்த வீட்டுக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல விஷயம்.

சதாசிவத்தை இன்னொரு வண்டியில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, தெய்வநாயகி ஜீப்பில் உட்கார்ந்து செத்தவனின் போனைத் திறந்தாள்.

"ஜாமீன் கெடைக்கும்ல மேடம் அந்த சாருக்கு?" பன்னீர்செல்வம் கேட்டார். "ஊரே அவருக்கு மாலை போடும்."

அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

வைஷாலி நிறைய எழுதியிருந்தாள். கணக்குப் பாடம். அம்மாவின் திட்டு. பக்கத்து சீட்டுப் பெண் பேசுவதில்லை என்ற அழுகை. பதில்கள் இரண்டே வரி. எழுத்துப் பிழைகளோடு. ஒவ்வொன்றின் முதல் வார்த்தையும் 'சாப்டியா?'

எந்தப் பதினாலு வயதுப் பெண் தன் தோழியிடம் நாள் தவறாமல் அதைக் கேட்பாள்?

ஓரிடத்தில் வைஷாலி, 'என் போட்டோ அனுப்பவா?' என்று கேட்டிருந்தாள்.

பதில்: 'வேணாம். யாருக்கும் அனுப்பாத.'

தெய்வநாயகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசி மெயிலுக்கு வந்தாள். சனிக்கிழமை போனது.

'தனியா வராத. அப்பாவோட மட்டும் வா. அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்.'

"ஏட்டு..."

"மேடம்?"

"ஒரு சின்னப் பொண்ண ஏமாத்தி வரவைக்கறவன், அவ அப்பாவ ஏன்யா கூட்டிட்டு வரச் சொல்றான்?"

பன்னீர்செல்வம் எட்டி அந்த மெயிலைப் பார்த்தார்.

"லைசென்ஸ்ல என்ன போட்டிருக்கு?"

"கலையரசன். செய்யூர் பக்கம் கிராமம். லோடு வண்டி டிரைவர். அந்த 'வூடு' நம்பருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடவா மேடம்?"

"இத போன்ல சொல்லக் கூடாது. வண்டிய எடு."

சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, ஓட்டு வீடு. வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண் ஜீப்பைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"கலையரசன் வீடா?"

"ஆமாங்க. நான் அவரு சம்சாரம், ஜோதிலட்சுமி. அவரு இல்லீங்களே. நேத்து மாமல்லபுரம் போனாரு. கடைசி பஸ்ஸ வுட்டுட்டாரு போல. போன் அடிச்சிகினே கீறேன், எடுக்கல. இன்னா மேடம், வண்டி கேஸா?"

"ஸ்வாதி யாரும்மா?"

ஜோதிலட்சுமியின் கால் கடலை மேல் நின்றது.

அவள் உள்ளே கையைக் காட்டினாள்.

சுவரில் ஒரு போட்டோ. இரட்டைச் சடை. பள்ளிச் சீருடை. பிளாஸ்டிக் மாலை. சின்ன சிவப்பு பல்பு.

"கார்த்திகை மாசம் போய்ட்டாம்மா. காய்ச்சல்தான். நாலே நாள்."

தெய்வநாயகிக்குப் பின்னால் பன்னீர்செல்வம் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"அப்போ மெயில்..."

"அய்யோ, அதுவா? அதுக்கா வந்தீங்க? நான் அப்பவே சொன்னேன், தப்பு, வேணாம்னு!" ஜோதிலட்சுமி படபடத்தாள். "பள்ளிக்கூடத்துல இவளையும் கேளம்பாக்கத்துப் புள்ள ஒண்ணையும் மெயில்ல பேசிக்கச் சொல்லி சேத்து வுட்டாங்க. இவகிட்ட போன் ஏது? அவங்க நைனா போன்லதான் எல்லாம். அவ போயி காரியம் நடந்துகினு கீது... போன் டிங்குன்னுச்சு. 'ஏன் எழுதல, என் மேல கோவமா'ன்னு அந்தப் புள்ள கேட்டுகீது."

"கலையரசன் என்ன எழுதினான்?"

"ரொம்ப நேரம் போனக் கையில வச்சிகினே உக்காந்துகினு இருந்தாரு. செத்துட்டான்னு எழுத அவருக்குக் கை வரல. 'கோவம் இல்ல'ன்னு எழுதிட்டாரு."

"அதோட நிறுத்தியிருக்கலாமே."

"அந்தப் புள்ள திரும்ப எழுதுச்சு. இவரும் எழுதினாரு. அது பாஸானா இவரு சிரிப்பாரு, அது அழுதா இவரு அழுவாரு. அந்த போன்ல மட்டும் எங்க பொண்ணு உசுரோட இருந்தா மேடம். நான் சண்ட போட்டா, இன்னும் ஒண்ணே ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணும்பாரு."

தெய்வநாயகி போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரா பாக்கணும்னு அந்தப் புள்ள புடிவாதம் புடிச்சிது. இனிமே மறைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாரு. மொதல்ல அதோட நைனாகிட்ட சொல்லி மன்னிப்பு கேப்பேன், அவரு சரின்னாதான் புள்ளகிட்ட சொல்லுவேன்னாரு. அவரு அடிச்சா வாங்கிப்பேன்னாரு. வெறுங்கையோட போவாதன்னு நான்தான் கடல அவிச்சிக் குடுத்தேன்..."

அவள் பேச்சு தேய்ந்தது. தொப்பியில்லாத ஏட்டைப் பார்த்தாள். தெய்வநாயகியைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பேச மாட்டேங்கற? ரொம்ப அடிச்சிட்டாங்களா அவர?"

வாசலில் காய்ந்த கடலையைக் காக்கை ஒன்று கொத்தியது. யாரும் விரட்டவில்லை.

மாமல்லபுரம் காவல் நிலையம். பிற்பகல்.

சதாசிவம் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். வக்கீல் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். டீ குடித்த தம்ளர் பக்கத்தில் இருந்தது.

தெய்வநாயகி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாக. குரலை உயர்த்தாமல்.

"இல்ல..." என்றார் சதாசிவம். "அவன்..."

"அவரு."

"மேடம், நெட்ல இப்படி ஒருத்தன் பேசினா நூத்துக்குத் தொண்ணுத்தொம்பது பேர்..."

"தெரியும் சார். நானும் காலைல அவன் இவன்னுதான் பேசினேன். ஏட்டு காறித் துப்பினாரு. நாங்க துப்பினதோட நிறுத்திக்கிட்டோம்."

அவள் போனை மேஜையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். கடைசி மெயில் திறந்திருந்தது.

சதாசிவம் படித்தார். மறுபடி படித்தார். மூன்று சின்ன வாக்கியங்கள். அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"ஒரு நிமிஷம்தான் மேடம் கேட்டாரு..."

அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

தெய்வநாயகி எழுந்து வெளியே வந்தாள்.

பெஞ்சில் வசுமதி. பக்கத்தில் வைஷாலி. சீருடை. மடியில் ஸ்கூல் பை. அழுது முடித்த முகம்.

பன்னீர்செல்வம் ஓடிவந்து குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சிருங்க மேடம். நான் செய்யூர்லேர்ந்து ஸ்டேஷன் ரைட்டருக்கு போன் பண்ணி, செத்தது ஸ்வாதியோட நைனான்னு சொன்னேன். அவன் ஸ்பீக்கர்ல போட்டுகினு இருந்துகிறான். பாப்பா கேட்டுடுச்சு."

"முழுசாவா?"

"இல்ல மேடம். பாதிலயே லைன் கட்டாயிடுச்சு."

"எது வரைக்கும் தெரியும்?"

"அது வரைக்கும்தான்."

வைஷாலி எழுந்து வந்தாள். தெய்வநாயகியின் முன்னால் நின்றாள்.

"எங்க அப்பா வீட்டுக்கு வருவாரா மேடம்?"

"இப்ப வர முடியாதும்மா."

அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கேட்க வந்தது வேறு.

"ஸ்வாதியோட அப்பா நல்லவரா?"

"நல்லவரும்மா."

"அவர் செத்தது ஸ்வாதிக்குத் தெரியுமா?"

தெய்வநாயகி பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வசுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வைஷாலி இன்னும் ஓரடி நெருங்கி வந்தாள்.

"வேற யாரும் சொல்லிடாதீங்க மேடம், அவ தாங்க மாட்டா. நானே ஒரு மெயில் போடட்டுமா? நான் போட்டா உடனே பதில் போடுவா...!"