ஆமைக்கூட்டின் வெள்ளைப் பூச்சிகள்

ஆமைக்கூட்டில் அந்தப் பூச்சிகளை முதலில் கண்டது கணவர் திரும்பி வருவதற்கு முன்பா பின்பா என்று கைறுன்னிஸாவுக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. முன்பு என்றால் அவை வெறும் பூச்சிகள். அதனால் முன்பு என்றே நினைத்துக்கொள்ள முயல்கிறாள். ஆனால் அன்று கூட்டுக்குள் குனிந்து பார்த்தபோது, சேறு கழுவிய அவருடைய இடுப்புச் சாரம் தலைக்கு மேலே கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

புஹாரி மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். விடாத மழைநாளொன்றில் சரக்கெடுக்க இரத்தோட்டைக்கு மேலே போன வேன் மண்சரிவில் அகப்பட்டது. கூடப் போன இருவரும் கிடைக்கவில்லை. அவரும் கிடைக்கவில்லை. நான்காம் நாள், உடல் இல்லாமலே தொழும் ஜனாஸாத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நேரம் குறித்தார்கள். அதற்குச் சற்று முன்னால் அவர் வீட்டுக்கு நடந்து வந்தார். தலை முதல் கால் வரை சேறு. “பசிக்குது,” என்றார்.

ஊரே திரண்டு வந்தது. அடுத்த ஒழுங்கையில் பூக்கன்று விற்கும் அவருடைய கூட்டாளி பஸீர், அழுத கண்ணோடு சிரித்தார்.

“மச்சான், ஒங்களுக்குத் தொழ வெள்ளத் தொப்பியெல்லாம் கழுவி வெச்சேன். அநியாயமாப் போச்சு.”

“பத்திரமா வைங்க. இன்னொரு நாளைக்கி ஒதவும்,” என்றார் புஹாரி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கூடு என்பது பின்வளவில் நாலு வரிசைச் செங்கல்லும் மேலே ஒரு தகரமும்தான். உள்ளே பரப்பிய தேங்காய்த் தும்புத்தூளில் ஒரு நட்சத்திர ஆமை. எப்போதோ லக்கல வீதியில் கிடந்ததை அவர்தான் எடுத்துவந்தார். அந்தத் தும்புத்தூளில், உப்புத்தூள் அளவில், ஆயிரக்கணக்கில், வெள்ளையாகக் கிடந்தவை அவளுடைய மூச்சுப் பட்டதும் தரையே ஒருபக்கமாய் நழுவுவதுபோல் ஓசையில்லாமல் நகர்ந்தன. மிளகுச் சாக்கில் விழும் வண்டை அவளுக்குத் தெரியும். இவை அவையல்ல.

ஆமையை எடுத்து இளஞ்சூட்டு நீரில் கழுவினாள். அதன் ஓட்டு இடுக்கிலும் ஒன்றுமில்லை. தும்புத்தூளை அள்ளிக் கொட்டினாள். செங்கல்லுக்குக் கொதிநீர் ஊற்றினாள், சுண்ணாம்பு தூவினாள், இரண்டு நாள் வெயிலில் காய்ந்த புதுத் தூளைப் பரப்பினாள். மூன்றாம் நாள் முன்னைவிட அதிகம். கூடவே ஒரு வாசனையும் வந்தது, அப்போதுதான் வெட்டிய மண்ணினுடையதைப் போல.

பஸீர் வந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இது ஒண்ணும் செய்யாது ராத்தா. ஆமயயும் கடிக்காது, மனுசனயும் கடிக்காது. உசிரோட ஈக்கிறத் தொடவே தொடாது. செத்து அழுகினதத்தான் தின்னும். உள்ளுக்கு என்னமோ அழுகி ஈக்கும். அத எடுத்துப் போடுங்க, தானாப் போயிரும்.”

பிடி பிடியாய்க் கிளறிப் பார்த்தாள். வாடிய இலைகூட இல்லை.

மறுநாள் நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பின், புஹாரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். திரும்பி வந்ததிலிருந்து அவர் நிறையத் தூங்குகிறார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஏதோ குறைகிறது என்று பட்டது; இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய குறட்டை என்று சற்றுக் கழித்துத்தான் புரிந்தது. பின்வளவுக்குப் போனாள். கூட்டில் ஒரு பூச்சிகூட இல்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்புறம்தான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. செங்கல்லிலிருந்து இறங்கி, சீமெந்துத் தரையைக் கடந்து, அடுப்பிருந்த குசினியின் வாசற்படியில் ஏறிய மெல்லிய வெள்ளைக் கோடு. விளக்குமாற்றோடு அதன் பின்னால் நடந்தாள். குசினி. நடை. படுக்கையறைக் கதவின் அடி.

கட்டில் கால்.

விரிப்பின் ஓரம்.

அவருடைய காது.

உள்ளே போய்க்கொண்டிருந்தன. வரிசையாக. அவசரமில்லாமல்.

அவருடைய மூக்கின் முன் உள்ளங்கையை வைத்தாள். ஃபேன் காற்றுத்தான் பட்டது. ஃபேனை நிறுத்தினாள். மறுபடியும் வைத்தாள். காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

“என்ன கைறு, ஃபேன நிப்பாட்டிட்டீங்க?” கண் திறக்காமலே கேட்டார்.

பஸீர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, அந்தி மஃரிபுக்குள் தூக்கிவிடுவார்கள். அவர் இல்லாத நான்கு நாள் இந்த வீடு எப்படி இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

“கரண்ட் போயிட்டுங்க,” என்றாள். கதவைத் தாழிட்டாள்.

கூடப் போன இருவரும் அந்த மாதக் கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தார்கள், ஊரார் அடக்கம் செய்தார்கள். பஸீர் இப்போது வருவதில்லை, அவள் விடுவதில்லை. ஆமையை வனசீவராசிகள் திணைக்கள ஆட்களிடம் கொடுத்துவிட்டாள். அது நலமாக இருக்கிறதாம். புஹாரி முன்னறையில் இருந்து பத்திரிகை படிக்கிறார், பிளேன்டீ கேட்கிறார். தினமும் ளுஹருக்குப் பிறகு அவரைச் சாயச் சொல்லி, மெல்லிய தூரிகையால் காதையும் கழுத்தையும் அவள் துடைத்துவிடுகிறாள். சில பூச்சிகள் அவளுடைய விரலில் ஏறும். ஒரு கணம் நிற்கும். பிறகு இறங்கி, அவரிடமே போகும்.